கையெழுத்துக்குப் பிறகு: மார்க்கஸ் டூப்ரீயும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும்

1983 ஜனவரி 1 அன்று அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் நடந்த ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம், அரிசோனா ஸ்டேட் அணியிடம் 32–21 என்று தோற்றது. தோற்ற அணியின் முதலாண்டு மாணவர் ஒருவர் பந்தை 17 முறை மட்டுமே ஏந்தி 239 கஜம் ஓடியிருந்தார். பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டதால் ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் களத்துக்கு வெளியேதான் இருந்தார். ஆனாலும் அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவருடைய தலைமைப் பயிற்சியாளர் பேரி ஸ்விட்சர், உடலை ஒழுங்காக வைத்திருந்தால் இந்தப் பையன் நானூறு கஜம் ஓடியிருப்பான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த மாணவர் மார்க்கஸ் டூப்ரீ. வயது பதினெட்டு. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. அந்த ஆட்டம் முடிந்த பத்தாம் மாதம் அவர் ஓக்லஹோமாவை விட்டு வெளியேறினார். இருபது வயதில் முழங்கால் போயிற்று. அமெரிக்காவில் வீணான திறமை என்று பேச்சு வந்தால் இன்றும் முதலில் வரும் பெயர்களுள் அவர் பெயர் ஒன்று. பையன் சோம்பேறி என்பார்கள் சிலர். பயிற்சியாளர் கடுமையானவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தனிமனிதரின் குணத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த இளைஞர் எந்த விதிகளுக்குள் ஓடினார் என்று பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. கையெழுத்திடும் நாள்வரை பேரம் பேசும் வலிமை முழுவதும் அவரிடம் இருந்தது. கையெழுத்திட்ட மறுநாள் அதில் துளியும் மிச்சமில்லை.

பிறந்த ஊர், பிறந்த ஆண்டு

டூப்ரீ பிறந்தது 1964 மே 22. ஊர், மிசிசிப்பி மாநிலத்தில் நெஷோபா கவுண்டியின் தலைநகரான பிலடெல்ஃபியா. பென்சில்வேனியாவின் பெருநகரத்துக்கும் இதற்கும் பெயர் ஒன்றே தவிர வேறு ஒற்றுமை கிடையாது. வெள்ளையர், கறுப்பினத்தவர், சாக்டா பழங்குடியினர் ஆகிய மூன்று சமூகங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் பிரிந்து, வாழ்ந்த சிற்றூர்.

அவர் பிறந்து ஒரு மாதம்கூட முடியாத ஜூன் 16 அன்று அந்தக் கவுண்டியில் மவுண்ட் சீயோன் மெதடிஸ்ட் ஆலயம் கொளுத்தப்பட்டது. அதைப் பற்றி விசாரிக்க வந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று குடிமை உரிமைப் போராளிகள் ஜூன் 21 இரவு கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள்ளிருந்து உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். மூவரையும் கைதுசெய்து, இரவில் விடுவித்து, கொலையாளிகளின் கையில் சிக்கவைத்த துணை ஷெரிஃப் சிசில் பிரைஸ், 1967இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஏழு பேரில் ஒருவர். மிசிசிப்பி மாநிலம் தன் சொந்த நீதிமன்றத்தில் இந்தக் கொலைகளுக்காக ஒருவரைக் குற்றவாளியாகத் தீர்க்க 2005 வரை ஆயிற்று.

டூப்ரீ பள்ளியில் சேர்ந்த 1970, மிசிசிப்பியின் பள்ளிகளில் நிறப்பிரிவினையை உடனே ஒழிக்கவேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணை நடைமுறைக்கு வந்த ஆண்டு. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த முதல் தலைமுறையில் அவரும் ஒருவர். அவரோடு அதே பள்ளி அணியில் அந்தத் துணை ஷெரிஃபின் மகனும் ஆடினார். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஊரின் இரு பாதிகளும் ஒரே பக்கம் நின்று ஒரு கறுப்பின இளைஞரின் பெயரைச் சொல்லிக் கத்தின. மிசிசிப்பிக்காரரும் ஹார்ப்பர்ஸ் இதழின் முன்னாள் ஆசிரியருமான வில்லி மாரிஸ், இந்தக் காட்சியால் ஈர்க்கப்பட்டு 1983இல் டூப்ரீயைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பள்ளிக்கூட வீரர் ஒருவரின் மேல் அவ்வளவு பெரிய வரலாற்றுச் சுமை ஏற்றப்பட்டது அபூர்வம். ஊரின் மானத்தைத் தூக்கிச் சுமக்கும் வேலையை அவர் கேட்டு வாங்கவில்லை.

வாசலில் நின்ற பல்கலைக்கழகங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக்கின் வேலையைச் சொல்வது எளிது, செய்வது கடினம். தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். பந்தைக் கையில் வாங்கி, எதிரே நிற்கும் பதினோரு பேரின் நடுவே இடைவெளி தேடிப் புகுந்து ஓடுகிறவர் இவர். ஒவ்வொரு ஓட்டமும் மோதலில்தான் முடியும். அதனால் மற்ற ஆட்டக்காரர்களை விட இவருடைய உடல் விரைவில் தேய்கிறது. டூப்ரீ ஆறடிக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த உடம்போடு, மெலிந்த ஓட்டக்காரர்களின் வேகம். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் அது டச் டவுன். பள்ளிக் காலத்தில் அவர் எடுத்த டச் டவுன்கள் 87. அதற்கு முன் ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர் வைத்திருந்த பெயர்பெற்ற எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம்.

1981–82 குளிர்காலத்தில் பயிற்சியாளர்கள் அந்தச் சிற்றூரை மொய்த்தார்கள். ஓக்லஹோமாவின் துணைப் பயிற்சியாளர் லூஷியஸ் செல்மன், தானும் ஒரு காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரராக இருந்தவர், ஊரின் மோட்டல் ஒன்றில் வாரக்கணக்கில் தங்கி டூப்ரீயின் குடும்பத்தோடு பழகினார். வீட்டில் ஆசிரியையான தாய், பாட்டி, பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தம்பி. அந்தத் தம்பியின் மேல் டூப்ரீக்கு இருந்த பாசம் ஊரறிந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: இந்தப் பையனுக்கு விதிப்படி சம்பளம் தர முடியாது. சம்பளம் தர முடியாத இடத்தில் உறவு, உபசாரம், வாக்குறுதி ஆகியவையே நாணயமாகப் புழங்கும். எவ்வளவு கவனிப்பு கிடைக்கிறதோ அவ்வளவுதான் தன் விலை என்று பதினேழு வயதுப் பையன் எண்ணிக்கொண்டால் அதில் வியப்பில்லை.

1982 பிப்ரவரியில் அவர் ஓக்லஹோமாவுக்குக் கையெழுத்திட்டார். தேசிய அளவிலான இந்த ஒப்புதல் கடித ஏற்பாடு தொடங்கியதும் 1964இல்தான். பல்கலைக்கழகங்கள் ஒன்றன் ஆளை ஒன்று கடைசி நேரத்தில் தட்டிச் செல்வதைத் தடுக்க அவை தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது. கையெழுத்திட்டவுடன் மற்ற எல்லா வாசல்களும் மூடிக்கொள்ளும். மறுபக்கத்தில் பல்கலைக்கழகம் எதற்குக் கட்டுப்பட்டது? கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973இல் நான்காண்டு உதவித்தொகையை ஒழித்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். பயிற்சியாளர் நினைத்தால் எந்நேரமும் வேறு வேலைக்குப் போகலாம். மாணவர் போனால் ஒரு முழுக் கல்வியாண்டு களத்தில் இறங்கக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டுமே இறுகக் கட்டிய ஒப்பந்தம் இது.

ஒரு சீசனும் பாதியும்

களத்தில் அவர் வாக்குத் தவறவில்லை. ஸ்விட்சரின் ஓக்லஹோமா 'விஷ்போன்' என்ற ஆட்ட அமைப்புக்குப் பேர்போனது. பந்து யார் கைக்குப் போகும் என்பது அதில் கடைசி நொடிவரை தெரியாது, ஓட்டங்கள் பலருக்கும் பகிரப்படும். முதலாண்டு மாணவர் ஒருவருக்காக அந்த அமைப்பையே ஸ்விட்சர் நடு சீசனில் மாற்றினார். 1982 அக்டோபரில் பரம எதிரியான டெக்சஸுக்கு எதிராக டூப்ரீ 63 கஜம் ஓடி எடுத்த டச் டவுன் ஆட்டத்தின் போக்கைத் திருப்பியது. சீசன் முடிவில் 905 கஜம், ஓட்டத்துக்குச் சராசரி 7 கஜம், 13 டச் டவுன்கள். சராசரி 5 கஜம் இருந்தாலே நல்ல ரன்னிங் பேக் என்பார்கள்.

ஸ்விட்சரின் குறையிலும் அடிப்படை இருந்தது. டூப்ரீ பயிற்சியை விரும்பவில்லை. எடை கூட வந்தார். ஊர் நினைப்பில் வாடினார். பள்ளியில் இயற்கைத் திறமையே போதுமானதாக இருந்தவருக்கு உழைப்பின் ஒழுங்கு பழகியிருக்கவில்லை. ஸ்விட்சர் இதை ஊரறியக் கண்டித்துச் சரிசெய்ய முயன்றார். நட்சத்திரத்தைத் தாழ்த்திப் பேசினால் ரோஷம் வந்து உழைப்பார் என்பது அந்தக் காலப் பயிற்சியாளர்களின் நம்பிக்கை. வாரக்கணக்கில் வீட்டில் வந்து உட்கார்ந்து அன்பு காட்டியவர்களிடமிருந்து அந்தப் பேச்சு வந்தபோது டூப்ரீ அதை ஏமாற்றமாகவே எடுத்துக்கொண்டார். தன் அணுகுமுறை பிழை என்று ஸ்விட்சர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1983 அக்டோபர் 8 அன்று டெக்சஸிடம் ஓக்லஹோமா தோற்றது. அந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டிருந்த டூப்ரீ சொந்த ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. வீட்டுக்கு அருகில் இருக்கும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இடமாற்ற விதி அவரை நிறுத்தியது. படிக்கலாம், ஆட முடியாது.

இன்னொரு கதவான என்.எஃப்.எல். தொழில்முறைப் போட்டியும் மூடியிருந்தது. கல்லூரியில் ஒருவரோடு சேர்ந்த வகுப்பு பட்டம் பெறும் காலம்வரை அவரை எடுப்பதில்லை என்பது அப்போது அதன் விதி. ஓடும் திறமையை மட்டும் வைத்துப் பிழைக்க வேண்டிய பத்தொன்பது வயதுக்காரர், அந்தத் திறமையைக் காட்ட இடமில்லாமல் நின்றார். புதிதாக முளைத்திருந்த யு.எஸ்.எஃப்.எல். போட்டியமைப்பிலும் இதே போன்ற விதி இருந்தது. அரிசோனா பல்கலைக்கழக வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1984 பிப்ரவரி இறுதியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, அந்த விதி போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். உடனே நியூ ஆர்லியன்ஸ் பிரேக்கர்ஸ் அணி டூப்ரீயை ஒப்பந்தம் செய்தது. முதல் சீசனில் 684 கஜம் ஓடினார். மறு ஆண்டு அணி போர்ட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தச் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சிதைந்தது. அந்தச் சீசனோடு யு.எஸ்.எஃப்.எல்.லும் ஓய்ந்தது.

1990இல், ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, உடலை மீண்டும் வருத்தி உருவாக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் இடம்பிடித்தார். இரண்டு சீசன்களில் 68 ஓட்டம், 251 கஜம், ஒரே ஒரு டச் டவுன். 1992இல் அணி அவரை விடுவித்தது. சோம்பேறி என்று முத்திரை குத்தப்பட்டவர் இருபத்தாறு வயதில், உடைந்த காலோடு, அப்படித் திரும்பி வந்தார். அவரைப் பற்றிய பழைய தீர்ப்பைச் சந்தேகிக்க இந்த ஒன்றே போதும்.

அதே ஆண்டுகளில் நீதிமன்றத்தில்

டூப்ரீ ஓக்லஹோமாவுக்காக ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தன் சொந்தச் சுதந்திரத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. எந்த அணியின் ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை அன்று என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்தியது. எங்கள் ஆட்டத்தை எங்களுக்குப் பிடித்த நிறுவனத்துக்கு, சந்தை தரும் விலைக்கு விற்க விடுங்கள் என்று 1981இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. ஒன்று ஓக்லஹோமா. மற்றொன்று ஹெர்ஷல் வாக்கர் ஓடிய ஜார்ஜியா. நாட்டிலேயே அதிகம் தேடப்பட்ட இரண்டு ரன்னிங் பேக்குகளும் இந்த இரண்டு வாதிகளின் சீருடையில்தான் இருந்தார்கள்.

1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் பல்கலைக்கழகங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இன்று கல்லூரிக் கால்பந்தில் புழங்கும் கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சிப் பணத்துக்கு வாசல் திறந்தது அந்தத் தீர்ப்புதான். அதை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், கல்லூரி விளையாட்டின் தனித்தன்மையைக் காக்க வீரர்களுக்குச் சம்பளம் தரக்கூடாது என்ற பொருளில் வழியோடு ஒரு கருத்தையும் சொல்லிவிட்டுப் போனார். வழக்கில் யாரும் எழுப்பாத அந்தக் கேள்விக்கான அந்த ஒரு வாக்கியம் அடுத்த முப்பதாண்டுகளுக்கு மேல் வீரர்கள் கொண்டுவந்த வழக்குகளில் அவர்களுக்கு எதிராகக் காட்டப்பட்டது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஓட்டக்காரராக இருந்து என்.எஃப்.எல்.லிலும் ஆடியவர். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் படிப்பைப் பணம் விழுங்கிவிடும் என்று அவர் கவலைப்பட்டார்.

பல்கலைக்கழகம் கேட்ட உரிமையையும் டூப்ரீ கேட்ட உரிமையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்குச் சொந்தமானதை எனக்கு நல்லது என்று படும் இடத்தில் கொண்டுபோய் விற்பேன் என்றது பல்கலைக்கழகம். உச்ச நீதிமன்றம் சரி என்றது. என் திறமையோடு வேறு இடத்துக்குப் போகிறேன் என்றார் மாணவர். ஓராண்டு உட்கார் என்றது விதி. நிறுவனம் இதைச் செய்தால் தொழில்முனைப்பு, இளைஞர் செய்தால் நன்றிகெட்டதனம் என்ற இரட்டை அளவுகோல் விதிப்புத்தகத்திலேயே ஏறியிருந்தது.

வாக்கர் ஜெயித்தாரே?

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். அதே விதிகளின் கீழ் ஹெர்ஷல் வாக்கர் ஜெயித்தாரே? மூன்று சீசன்களில் 5,259 கஜம், 1980இல் ஜார்ஜியாவுக்குத் தேசிய வெற்றி, 1982இல் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது. வாக்கரின் உழைப்பு அபாரமானது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரும் நான்காம் ஆண்டுவரை காத்திருக்கவில்லை. 1983 பிப்ரவரியில் யு.எஸ்.எஃப்.எல்.லின் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியில் சேர்ந்தார்; தன் சொந்த விதியையே அந்த அமைப்பு அவருக்காகத் தளர்த்தியது. இரும்பு உடலும் இரும்பு மனமும் கொண்ட ஒருவர் சமாளித்தார் என்பதால் ஏற்பாடு நியாயமாகிவிடாது. பதினெட்டு வயதில் ஊர் ஏக்கம் வருவதும் பயிற்சியில் மனம் தளர்வதும் இயல்பு. அந்த இயல்பான தடுமாற்றத்துக்கு எவ்வளவு பெரிய விலை வைக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டியது.

பின்னால் வந்த இரண்டு பேரின் கதையும் இதையே சொல்கிறது. ஒஹாயோ ஸ்டேட் அணியின் மாரிஸ் கிளாரட் 2002இல் முதலாண்டு மாணவராக 1,237 கஜம் ஓடி அணியைத் தேசிய வெற்றிக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு அவரைக் கல்லூரி இடைநீக்கம் செய்தது. பள்ளி முடித்து மூன்றாண்டு ஆக வேண்டும் என்ற என்.எஃப்.எல். விதியை எதிர்த்து அவர் போட்ட வழக்கு, கீழ் நீதிமன்றத்தில் வென்று 2004 மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றது. கல்லூரியிலும் ஆட முடியாமல், தொழில்முறையிலும் நுழைய முடியாமல் நின்ற அந்த இடம் டூப்ரீ இருபதாண்டுகளுக்கு முன் நின்ற அதே இடம்.

சவுத் கரோலினாவின் மார்க்கஸ் லாட்டிமோர் எந்தப் பிழையும் செய்யாதவர். ஒழுக்கத்துக்கும் உழைப்புக்கும் பெயர் பெற்றவர். 2011இல் இடது முழங்கால் போயிற்று. மீண்டு வந்தார். 2012 அக்டோபரில் டென்னஸிக்கு எதிரான ஆட்டத்தில் வலது முழங்கால் மூட்டே விலகிப்போயிற்று. மறு ஆண்டு என்.எஃப்.எல். அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தும், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் ஓய்வு பெற்றார். குணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பவர்கள் லாட்டிமோருக்கு விடை சொல்ல வேண்டும். ரன்னிங் பேக்கின் உடல் மிகச் சிறப்பாக ஓடும் ஆண்டுகள் சில. அவற்றில் பெரும்பகுதி, விதிப்படி சம்பளம் வாங்க முடியாத ஆண்டுகளோடு ஒன்றியிருந்தது.

மாறியதும் மாறாததும்

2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9–0 என்று வீரர்களின் பக்கம் நின்றது. 1984இன் அந்த வழிப்போக்கு வாக்கியம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். ஜூலை 1 முதல் தம் பெயரையும் உருவத்தையும் வைத்து வீரர்கள் பொருளீட்டலாம் என்றாயிற்று. 2024இல் இடமாற்றத்துக்கான தண்டனை ஆண்டு முற்றாக ஒழிந்தது; 1964இல் பிறந்த ஒப்புதல் கடிதமும் அதே ஆண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசத்தின்படி, முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இப்போதைய வீரர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை நேரடியாகப் பகிரலாம். டூப்ரீயை நிறுத்திய விதிகளில் என்.எஃப்.எல்.லின் காத்திருப்பு மட்டுமே, மூன்றாண்டாக, இன்று மிச்சமிருக்கிறது.

பழைய காலத்தை எண்ணி ஏங்குகிறவர்கள் இந்த மாற்றங்களைக் கண்டு, விசுவாசம் போயிற்று என்கிறார்கள். அந்த விசுவாசம் என்றைக்கும் ஒரு பக்கத்திடமே எதிர்பார்க்கப்பட்டது என்பதை டூப்ரீயின் வாழ்க்கை காட்டுகிறது. ஆனால் பணம் வந்துவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. பைரன் வைட்டின் கவலையில் ஒரு பகுதி உண்மையாகிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு பல்கலைக்கழகம் மாறும் இளைஞருக்குப் பட்டம் எங்கே, ஆசிரியர் யார், நண்பர் யார்? பேரம் இப்போது ஒரே நாளோடு முடிவதில்லை. பதினேழு வயதுப் பையனைச் சுற்றி முகவர்களும் ஆலோசகர்களும் ஆண்டு முழுவதும் நிற்கிறார்கள். பேரம் பேச உரிமை வேண்டும். பேசத் தெரிந்த, தன் லாபம் பார்க்காத ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். முதலாவதைச் சட்டம் தந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

ஆகவே டூப்ரீயை வீணான திறமை என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லில் திறமை மற்றவர்களுக்குச் சொந்தம், அவர் அதைக் காக்கத் தவறிய காவல்காரர் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. திறமை அவருடையது. அதை அடைய எத்தனை பேர், எத்தனை வாரம், எவ்வளவு பணம் செலவிட்டார்கள் என்பதற்குச் சாட்சியங்கள் நிறைய. அடைந்த பிறகு அந்த இளைஞர் தூங்கினாரா, படித்தாரா, தனித்து வாடினாரா என்று பார்க்க யாரை நியமித்தார்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. இளைஞர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவரும் எந்தக் கல்வி நிறுவனத்தையும், கொண்டுவருவதற்குக் காட்டிய அக்கறையை வைத்துக்கொள்வதிலும் காட்டியதா என்று கேட்டே மதிப்பிட வேண்டும். அந்த அளவுகோலில் தோற்றவர் மார்க்கஸ் டூப்ரீ அல்லர்.